பெண் எழுதிய புத்தகத்துக்கு ஏன் பூட்டு?



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டே கருத்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். தட்டச்சுச் செய்வது ஒருவர்தான். ஆனால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் படிப்பிக்கும் நாலைந்து பேர் கூடிப் பேசித்தான் இதை எழுதுகிறோம். அதனால்தான் "நாங்கள்".

விஷயம் பலருக்குத் தெரியும். இரண்டு கிழமையாக நம் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பாடசாலை நூலகங்களில் பெண் பிள்ளைகளைக் கெடுக்கிற புத்தகங்கள் இருக்கின்றன என்று தொடங்கி, காதல், பெண்ணுரிமை, மார்க்க விரோதம் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும் என்று முடிகிறது. அதைக் கேட்டு ஒரு பாடசாலையில் நான்கு புத்தகங்களைத் தட்டில் இருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எந்தப் பாடசாலை என்று சொல்லமாட்டோம். அதிபரைக் குறை சொல்லவும் வரவில்லை. நாலு வாப்பாமார் சேர்ந்து வந்து மேசையைத் தட்டினால் எந்த அதிபரும் அதைத்தான் செய்வார்.

அந்த நான்கும் இவை: சாய்ந்தமருது அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’, குருநாகல் மாவட்டத்து ஃபஹீமா ஜஹானின் ‘ஒரு கடல் நீரூற்றி’, ஏறாவூர் ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’, தமிழ்நாட்டு சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. நான்கும் முஸ்லிம் பெண்கள் தமிழில் எழுதியவை. அதே நூலகத்தில் ஆண்கள் எழுதிய காதல் கதை எத்தனையோ இருக்கிறது, அதில் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம்.

குரல்பதிவு போட்ட சகோதரரைத் தேடிப் பிடித்துத் தன்மையாகக் கேட்டோம். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்? வாசிக்கவில்லை என்றார். "வாசிச்சுப் பார்த்துத்தான் தெரியணுமா டீச்சர்? எழுதினவ யாரெண்டு தெரியும்தானே" என்றார்.

எங்கள் சண்டை இந்த ஒரு வசனத்தோடுதான்.

ஏனென்றால் இந்த வசனம் நமக்கு எதிராகப் பாவிக்கப்பட்டு அதிக காலம் ஆகவில்லை. 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். காரணம் 2017 இல் அவர் வெளியிட்ட ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பு. வன்முறையைக் கண்டிக்கிற கவிதைகளும் அந்த நூலில் இருந்தன. அதைத் தமிழாக வாசித்து விளங்கிக்கொள்ள யாரும் மெனக்கெடவில்லை. எழுதியவர் முஸ்லிம், புத்தகத்தில் படங்கள் இருக்கின்றன, அவ்வளவும் போதுமாக இருந்தது. 2021 டிசம்பரில் பிணை கிடைக்கும்வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அப்போது நாம் எல்லோரும் கொதித்தோம். "கவிதையை வாசிக்கத் தெரியாதவன் கவிஞனைச் சிறையில் போடுகிறான்" என்று இதே குழுக்களில்தான் எழுதினோம். நியாயமான கோபம். ஆனால் வாசிக்காமல் தீர்ப்புச் சொல்வது பொலிஸ்காரர் செய்தால் அநியாயம், நாம் செய்தால் ஈமானைக் காப்பாற்றுவது என்றால் அந்தக் கோபத்துக்கு என்ன பெறுமதி? ஈஸ்டருக்குப் பிந்திய நாட்களில் வீட்டுக்கு வீடு சோதனை வந்தபோது, எது எப்படி விளங்கப்படுமோ என்று பயந்து எத்தனை வீடுகளில் நம் கையாலேயே நம் கிதாபுகளை ஒளித்தோம், எரித்தோம்? புத்தகம் வைத்திருப்பதற்காகப் பயப்படுவது எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தப் பயத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே ஊட்ட வேண்டுமா?

ஸர்மிளாவின் கதைக்கு வருவோம். கூச்சல் எல்லாம் அவரைப் பற்றித்தான்.

2012 இல் அவருடைய ‘சிறகு முளைத்த பெண்’ கவிதைத் தொகுப்பு வந்தது. அதையொட்டி பீபீசி தமிழோசைக்குக் கொடுத்த பேட்டியில், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அதில் சிக்கிய பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று ஒரு கருத்துச் சொன்னார். அந்தக் கருத்து எங்களுக்கும் உடன்பாடில்லை. மார்க்கம் ஹராமாக்கியது ஹராம்தான், அதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கருத்துக்கு மறுப்பு எழுதுவதோடு ஊர் நின்றதா? மிரட்டல் வந்தது. அவர் நடத்திவந்த கல்வி நிலையம் தாக்கப்பட்டது. ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போனார். 2015 மார்ச்சில் அவரைப் பலாத்காரம் செய்து கொன்றுவிட்டதாக ஒரு பொய்ச் செய்தியை இதே சமூக ஊடகத்தில் பரப்பினார்கள். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை, ஒரு பிள்ளையின் தாயை, அப்படிக் கற்பனை செய்து எழுதிப் பகிர்ந்த கைகள் தொழுகைக்குத் தக்பீர் கட்டிய கைகளாகவும் இருந்திருக்கும். பத்தினிப் பெண்கள்மீது அவதூறு சொல்பவனுக்கு எண்பது கசையடி என்று சூரா நூரில் ஓதுகிற உம்மத்து நாம். அந்தப் பொய்யைப் பகிர்ந்தவர்களைப் பற்றி ஒரு குத்பாவைக்கூட எங்கள் காதால் நாங்கள் கேட்கவில்லை.

சரி, ‘உம்மத்’ நாவலில் அப்படி என்னதான் இருக்கிறது? யுத்தம் முடிந்த கிழக்கு. தவக்குல் என்ற முஸ்லிம் பெண் சமூக வேலை செய்கிறாள். யோகா, தெய்வானை என்ற இரண்டு தமிழ்ப் பெண்கள், முன்னாள் போராளிகள், இயக்கத்தில் இருந்து திரும்பி வந்து எந்த வீட்டுக்கும் வேண்டாதவர்களாக நிற்கிறார்கள். அவர்களுக்காக அலைகிற தவக்குலை அவளுடைய சமூகமே தூற்றுகிறது. காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டதும், 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து நம் மக்களைத் துரத்தியதும் நமக்கு மறக்காது, மறக்கவும் தேவையில்லை. அத்தனைக்கும் பிறகு ஒரு முஸ்லிம் பெண் அந்த இயக்கத்துப் பெண்ணின் ஊனமான உடம்பின் பக்கத்தில் போய் உட்காருகிறாள் என்று எழுதுவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! வெள்ளவத்தையில் ஒரே மாடிக்கட்டடத்தில் மேல் வீட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பமும் கீழ் வீட்டில் நாமும் இருக்கிறோம். இருபது வருடம் லிஃப்டில் சிரித்துக்கொள்வதைத் தாண்டி ஒரு பேச்சு நடக்கவில்லை. அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கக்கூடிய ஒரு நாவலைத்தான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

நாவலில் குறை இல்லை என்று சொல்லவில்லை. சில இடங்களில் பாத்திரம் பேசாமல் ஆசிரியரே பிரசங்கம் செய்கிறார். நம் ஆட்களை வில்லனாகக் காட்டும்போது கொஞ்சம் அவசரம் தெரிகிறது. இதை எல்லாம் ஏ.எல். வகுப்பில் பிள்ளைகளோடு பேசலாம். பேசத்தானே இலக்கியப் பாடம்.

இனி மார்க்கத்துக்கு வருவோம், ஏனென்றால் குரல்பதிவு மார்க்கத்தின் பெயரால் வந்தது.

பெண்ணின் ஆசை பற்றிய கதை பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாதா? அப்படியானால் சூரா யூஸுஃபை என்ன செய்வது? கதவுகளை அடைத்த அஸீஸின் மனைவி, பின்பக்கம் கிழிந்த சட்டை, பழம் நறுக்கப்போய்க் கையை அறுத்துக்கொண்ட ஊர்ப் பெண்கள். இதை அல்லாஹ் மறைக்கவில்லை. வரலாறுகளில் அழகானது என்று அவனே அறிமுகம் செய்துவிட்டுச் சொல்கிறான். ஏழு வயதுப் பிள்ளை மத்ரஸாவில் இதை ஓதுகிறது.

கணவன் செய்த அநியாயத்தைப் பெண் வெளியே சொல்லக்கூடாதா? குர்ஆனின் 58 ஆவது அத்தியாயத்தின் பெயரே தர்க்கம் செய்த பெண்ணைக் குறிக்கிறது. கவ்லா ரழியல்லாஹு அன்ஹா தன் கணவன் தன்னைத் தாயோடு ஒப்பிட்டு ஒதுக்கியதை ரஸூலுல்லாஹ்விடம் வந்து விடாமல் முறையிட்டார். அவர் முறையீட்டைக் கேட்டதாக அல்லாஹ்வே அறிவித்து, அந்த வழக்கத்துக்கும் முடிவு கட்டினான். இன்றைக்கு கவ்லா வந்தால் "வீட்டு விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவராத புள்ள" என்று நம் பள்ளி நிர்வாகசபை சொல்லி அனுப்பும்.

காதல்? புஹாரியில் பரீராவின் ஹதீஸை எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்? அடிமைத்தனத்தில் இருந்து விடுதலையான பரீராவுக்கு, அடிமையாகவே இருந்த கணவர் முகீஸோடு வாழ விருப்பமில்லை. அவரோ மதீனத்துத் தெருவில் தாடி நனைய அழுதுகொண்டு அவர் பின்னால் போகிறார். நபியவர்கள் இரங்கி, திரும்பிப் போகக்கூடாதா என்று பரீராவிடம் கேட்கிறார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்கிறார். இல்லை, பரிந்துரை மட்டும்தான் என்கிறார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார் அந்தப் பெண். நபியின் பரிந்துரையையே மறுத்தார். யாரும் அவரைக் கெட்ட பெண் என்று சொல்லவில்லை. ஆணின் காதல், பெண்ணின் மறுப்பு, அந்த மறுப்புக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் சேர்ந்த கதை இது. இன்றைய பெண் ஒருத்தி இதையே நாவலாக எழுதியிருந்தால் அதுவும் அலுமாரிக்குள்தான் போயிருக்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பிள்ளை காதல் கதை வாசிக்காமல் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்தே ஃபோனில் வாசிக்கிறது, பார்க்கிறது. கதாநாயகன் பணக்காரன், முரடன். முதல் சந்திப்பில் கன்னத்தில் அறைவான், கையைப் பிடித்து இழுப்பான், அவள் அழுவாள், பிறகு அவன் நல்லவன் என்று உருகுவாள். சீரியலிலும் இதே கதைதான். இரவுச் சாப்பாட்டு நேரம் உம்மா, உம்மும்மா, பிள்ளை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அறைவதுதான் அன்பு என்று கற்பிக்கிற கதைக்கு நம் வீட்டு ஹோலில் இடம் இருக்கிறது. அறை வாங்கியவள் வலித்தது என்று எழுதினால் அது மட்டும் ஒழுக்கக்கேடு. எங்களிடம் படித்த பிள்ளைகளில், கல்யாணம் முடித்து ஆறு மாதத்தில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். "அவர் கோபக்காரர், ஆனால் பாசம் டீச்சர்" என்று கண்ணுக்குக் கீழே கருநீலத்தோடு சொல்வார்கள். இந்த வசனத்தை எங்கே படித்தார்கள்? பூட்டப்பட்ட நான்கு புத்தகங்களில் நிச்சயமாக இல்லை.

சல்மாவின் நாவல் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அது எட்டாம் வகுப்புக்கு உரியதல்ல. வளர்ந்த பெண்களின் உடம்பும் படுக்கையறையும் அதில் பேசப்படுகின்றன. நூலகத்தில் அதைத் தனித் தட்டில் வைத்து, உயர் தர மாணவிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் கொடுக்கலாம். வயது பார்த்துப் புத்தகம் கொடுப்பது எங்கள் தொழில். அந்தக் குறையைச் சொல்லி வந்திருந்தால் நாங்கள் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டிருப்போம். ஆனால் உம்மாமாரே, அந்த நாவலை நீங்கள் வாசிக்க வேண்டும். துவரங்குறிச்சியில் 13 வயதோடு பாடசாலை நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட பிள்ளை, கல்யாணத்துக்குப் பிறகு குளியலறையில் ஒளிந்திருந்து எழுதியவர் அவர். 2001 இல் அதே ஊரில் பஞ்சாயத்துத் தலைவியாகவும் ஆனார். 2004 இல் வந்த அந்த நாவலில் வருகிற மதினிமார், சாச்சிமார், விதவைகள், பெரிய மனுசியானதும் ஜன்னலோடு நின்றுபோன பிள்ளைகள் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைச் சந்து வீடுகளில் பெயர் மட்டும்தான் வேறு.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று பக்கத்து வீட்டார் சந்தோஷப்படவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் 1986 இல் ‘சொல்லாத சேதிகள்’ என்று பெண்களின் கவிதைத் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் எழுதிய சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எழுதுகிற பெண்ணைக் கண்டால் துவக்கு வைத்திருந்தவனுக்கும் பயம்தான்.

நமக்கு மரபே இல்லாத ஒன்றை மேற்கில் இருந்து கொண்டுவருகிறோம் என்றும் குரல்பதிவில் ஒரு வரி. சிரிப்புத்தான் வந்தது. இலங்கையில் தமிழில் வந்த முதல் நாவல் 1885 இன் ‘அசன்பே சரித்திரம்’. எழுதியவர் கண்டி சித்திலெப்பை. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியவர், பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நம் சமூகத்தில் முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 1938 இல் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்ற பெண் ஒரு நாவல் வெளியிட்டார். மூன்றாம் வகுப்பு மட்டுமே படித்தவர், இளம் விதவை. நாவலின் பெயர் என்ன தெரியுமா? ‘காதலா கடமையா’. "காதல்" என்ற சொல் அட்டையிலேயே இருந்தது. முன்னுரை எழுதியவர் உ.வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தாவுக்குப் பிரச்சினையாகத் தெரியாத சொல், நம் வட்ஸ்அப் குழு அட்மினுக்குப் பிரச்சினையாகிவிட்டது.

2025 மே மாதம் பானு முஷ்தாக்குக்கு சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தபோது, இதே அட்மின்மார் "மாஷா அல்லாஹ், முஸ்லிம் பெண் சாதனை" என்று படத்தோடு பகிர்ந்தார்கள். எங்களிடம் ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது. கர்நாடகத்து வழக்கறிஞர் அவர். கன்னடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் எழுதியதில் இருந்து எடுத்த 12 கதைகள்தான் பரிசு பெற்ற ‘ஹார்ட் லேம்ப்’. கதைகள் எதைப் பற்றி? கணவன், பிள்ளைப்பேறு, முத்தவல்லி, இரண்டாம் கல்யாணம், நியாயம் கேட்டுப் பள்ளிவாசல் வாசலில் நிற்கிற பெண். பெண்களுக்குப் பள்ளிவாசலில் தொழ உரிமை வேண்டும் என்று பேசியதற்காக 2000 ஆம் ஆண்டில் அவரைச் சமூகம் ஒதுக்கிவைத்தது, ஒருவன் கத்தியால் குத்தவும் வந்தான். ஹாசனில் இருக்கிற பானு முஷ்தாக் நம் பெருமை, ஏறாவூரில் பிறந்த ஸர்மிளா நம் அவமானம் என்றால், தூரத்துக்குத்தான் மரியாதை கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

புத்தகத்தை விட்டாலும் இந்த விஷயம் நம்மை விடாது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை, வலி கையொப்பமிட்டால் போதும் என்றது. காதியாக ஆண் மட்டும்தான் இருக்கலாம் என்றது. அதைத் திருத்த 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 இல். ஒன்பது வருடம்! எங்களிடம் ஓ.எல். படித்த பிள்ளை அதற்குள் கல்யாணம் முடித்து, காதி நீதிமன்றத்துக்கு அலைந்து, தாபரிப்புக்கு வழக்குப் போட்டு, பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள். அவளுக்காக அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒன்பது வருடம் தேவைப்பட்டது. அவளே எழுதினால் மட்டும் ஒரே இரவில் குரல்பதிவு வருகிறது. அவள் எழுதக்கூடாது என்பதுதான் ஆசை என்றால் அதை நேரடியாகச் சொல்லிவிடலாமே, பாவம் ‘பெண் பிள்ளைகளின் நலன்’ என்ற சொற்களை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும்?

காலி வீதிப் புத்தகசாலைகளில் நம் உம்மாமாரை அடிக்கடி காண்கிறோம். புலமைப்பரிசில் கடந்தகால வினாத்தாள், ஓ.எல். கணித வழிகாட்டி, ஒரு கொப்பிக் கட்டு, பில் போட்டு வெளியே. கவிதைத் தட்டுப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை. செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில் குடும்பம் குடும்பமாக நிற்கிறோம், அங்கேயும் இதே பட்டியல். பிள்ளை டொக்டராக வேண்டும், இன்ஜினியராக வேண்டும். ஆகட்டும், இன்ஷா அல்லாஹ். ஆனால் அழுகிற நோயாளியின் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று விளங்கிக்கொள்ள கடந்தகால வினாத்தாளில் பயிற்சி கிடையாது.

எங்கள் கோரிக்கை சின்னது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த நான்கு புத்தகங்களையும் மேசையில் வையுங்கள். எதிர்க்கிறவர் எந்தப் பக்கம் என்று காட்டட்டும், வாசித்துக் காட்டட்டும். ஒரு மௌலவியும் இரண்டு ஆசிரியைகளும் இரண்டு தாய்மாரும் உட்கார்ந்து எந்த வகுப்புக்கு எது என்று முடிவு செய்யட்டும். அந்த முடிவு எங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கட்டுப்படுவோம், ஏனென்றால் அது வாசித்தவர்களின் முடிவாக இருக்கும்.

அதுவரை சும்மா இருக்கவும் போவதில்லை. வருகிற சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வெள்ளவத்தையில் எங்களில் ஒருவரின் வீட்டில் வாசிப்பு வட்டம் தொடங்குகிறோம். முதல் புத்தகம் ஃபஹீமா ஜஹானின் ‘ஒரு கடல் நீரூற்றி’. அவரும் நம்மைப் போல ஒரு பாடசாலை ஆசிரியை, கவிதைகளும் சின்னவை, ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். வீட்டில் பிரதி இரண்டு இருக்கிறது, மாறி மாறி வாசிப்போம். உம்மாமார், ராத்தாமார், உயர் தரப் பிள்ளைகள் வரலாம். கைக்குழந்தை இருந்தால் கொண்டுவாருங்கள், பாய் விரித்திருக்கும், பிளேன்டீயும் இருக்கும். முகவரி வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். குரல்பதிவு போட்ட சகோதரருக்கும் அழைப்பு உண்டு, ராத்தாவையோ உம்மாவையோ கூட்டிக்கொண்டு வரட்டும். ஆனால் வரும்போது புத்தகத்தை வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.